49ஆவது மணி நேரம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்த நாங்கள் ஒருவருக்கொருவர் எண்களில்தான் பேசிக்கொண்டோம்.

"உங்களுக்கு இன்னிக்கு எவ்வளவு?"

"ஏழு. நேத்து ஆறு."

"எங்களுக்கு அஞ்சுலயே நிக்குது."

தெரியாதவர்கள் கேட்டால் பிள்ளைகளின் பரீட்சை மார்க் என்று நினைத்திருப்பார்கள். கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்று அதற்குப் பெயர். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் 1974இல் வகுத்த அளவுகோல். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். என் கணவருக்கு முதல் நாள் 6. பிறகு தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அன்று முதல் பேச்சுக்கான இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில 'டி' எழுத்து இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் எனக்குப் பதினோரு நாள் முன்பிருந்தே உட்கார்ந்திருந்த மணப்பாறைக்கார அம்மா என் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"டின்னா டியூப்பு. குழா இருக்கிறப்ப பேச முடியாதுல்ல, அதுக்குத்தான் அப்படிப் போடுவாங்க. பயப்படாத தாயி."

மருத்துவர்கள் என் கணவரின் உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றி என் ஆயுளுக்கும் உண்டு. ஆனால் காப்பாற்றப்பட்டு வந்தவரோடு எப்படி வாழ்வது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த மணப்பாறை அம்மாவைப் போன்றவர்கள்தான்.

2015 மார்ச் மாதம் அது. என் கணவர் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டிங் சூப்பர்வைசர். இரண்டாவது ஷிப்ட் முடித்துத் திருவெறும்பூருக்கு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். குறுக்கே மாடு வந்தது என்றார்கள். ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூளை வீங்கிவிட்டதால் மண்டை ஓட்டின் வலப்பக்கம் ஒரு பெரிய துண்டை அறுத்து எடுத்தார்கள். எடுத்த எலும்பு கெடாமல் இருப்பதற்காக அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு என் மாமியார் தினமும் மகனின் வயிற்றில் கை வைத்து, அந்த எலும்பு பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

அந்த வருடம் ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. திருச்சியில் சாலையோரமெல்லாம் ஹெல்மெட் கடைகள் முளைத்தன. பிசியோதெரபிக்கு அவரை ஆட்டோவில் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். எலும்பில்லாத பக்கம் தோல் உள்வாங்கிக் குழிந்திருக்கும். அது இடிபடாமல் என் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தேன். கடைகளைப் பார்த்தவர் மெதுவாகச் சொன்னார்: "நமக்கும் ஒண்ணு வாங்கணும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பாத்து வாங்கு." பழைய சூப்பர்வைசரின் குரல் அப்படியே இருந்தது. ஆட்டோ போய்ச் சேரும் வரை நான் வெளியே பார்த்தபடியே இருந்தேன்.

அந்தக் குரல் எப்போதாவதுதான் வந்தது. மற்ற நேரங்களில் என் வீட்டில் இருந்தவர் வேறொருவர். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் என்னை ஒரு தடவைகூட அதட்டிப் பேசாத மனிதர், சாம்பாரில் உப்பு குறைந்ததற்குத் தட்டைச் சுவரில் எறிந்தார். பசி அடங்கியது தெரியாமல் இட்லி கேட்டுக்கொண்டே இருந்தார். மகளின் தோழிகள் முன்னால் சட்டையைக் கழற்றினார். என்னைத் தன் அக்கா என்று நினைத்தார் ஒரு நாள், நர்ஸ் என்று நினைத்தார் ஒரு நாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்பார்: "என் வண்டி எங்க?" நானும் ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்வேன். விபத்து நடந்துவிட்டது, வண்டி நொறுங்கிவிட்டது, உங்களுக்கு ஆபரேஷன் ஆனது. அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் முகம் வெளுத்துக் கை நடுங்கும்.

மறுபரிசோதனைக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்காரே, அப்புறம் என்னம்மா?" என்றார்கள். உறவினர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமும் வாங்கி வந்து, "உன் தாலி பாக்கியம் கெட்டி" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். நான் அழக்கூட உரிமையில்லாதவள் ஆனேன். புருஷன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார், யாருக்காக அழுகிறாய்?

செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபி. அந்த அறைக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு புங்க மரம். அதன் அடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஒரு வெள்ளிக்கிழமை அங்கே மறுபடியும் மணப்பாறை அக்காவைப் பார்த்தேன். அதற்குள் அவரை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அவருடைய மகனுக்கு 24 வயது. காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் பைக்கில் அடிபட்டவன். அக்கா என் மணிக்கட்டில் இருந்த கன்றிப்போன தடத்தைப் பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதானே?"

நான் ஆடிப்போய்விட்டேன். எப்படித் தெரியும்?

"காலையில நல்லா இருப்பாங்க. மூளைக்கு ஒரு நாளைக்கு ஒரு டேங்க் தண்ணிதான்னு வெச்சுக்க. நாம நூறு குழாயத் தெறந்துவிடுறோம். டி.வி. ஓடுது, குக்கர் விசில் அடிக்குது, வந்தவங்க நாலு பேரு நாலு கேள்வி கேக்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள டேங்கு காலி. அப்புறம் அவரு அடிக்கல தாயி, வறண்டு போன குழா சத்தம் போடுது."

அன்று அவர் சொன்னவற்றை நான் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம். "குளிச்சுட்டு சட்டை போட்டுட்டு வந்து சாப்பிடுங்க" என்று சொல்லக் கூடாது. "குளிக்கலாம் வாங்க" என்று மட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருட்டறையில் ஒரு மணி நேரம். நான்கு மணிக்கு மேல் விருந்தாளி வேண்டாம். பொருள்கள் எப்போதும் வைத்த இடத்திலேயே. அப்புறம் வண்டி.

"சர்வீஸுக்கு விட்டிருக்குன்னு சொல்லு."

"பொய் சொல்லவா அக்கா?"

"அவரு வண்டியவா கேக்குறாரு? எல்லாம் சரியா இருக்கான்னு கேக்குறாரு. தெனம் பத்து தடவ அவர விபத்துக்குள்ள தள்ளிவிடணுமா?"

அன்று மாலை அவர் கேட்டார். சொன்னேன். "சரி, பிரேக்கு கொஞ்சம் பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அந்தக் கேள்விக்குப் பின் அவர் முகம் வெளுக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

புங்க மரத்தடிக்கு மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். முசிறிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணனின் மனைவிக்குத்தான் காயம். பைக்கில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகும்போது சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கி விழுந்தவர். மனைவிக்குத் தலை பின்னத் தெரியாமல் அந்த மனிதர் தவித்தார். முடியை வெட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். "அவளுக்கு முடின்னா உசுரு" என்றார். அக்கா ஒரு கொடிக்கயிற்றை மூன்று புரியாகப் பிரித்து அவர் கையில் கொடுத்துப் பின்னக் கற்றுக்கொடுத்தார். எருது கட்டிய கயிற்றுக்கே பழகிய விரல்கள். இரண்டு வாரம் அந்தக் கயிற்றைப் பின்னிப் பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் அவர் மனைவி இரட்டைப் பின்னலும் கனகாம்பரமுமாக வந்தார். பேச்சு வராத அந்தப் பெண் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு எங்கள் ஒவ்வொருவரிடமும் காட்டினார்.

மகனைக் கவனித்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் வந்தார். படித்ததையெல்லாம் எங்களுக்குச் சொல்வார். அவர் சொல்லித்தான் ஃபினியஸ் கேஜ் என்பவரைத் தெரியும். 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை வேலையில் மேஸ்திரியாக இருந்தவர். வெடி வைக்கும்போது ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரும்புக் கம்பி கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. பிழைத்துக்கொண்டார், ஆனால் குணம் மாறிவிட்டது என்று அவரைப் பார்த்த மருத்துவர் எழுதினார். மூளையின் முன்பகுதிதான் கோபத்தையும் கூச்சத்தையும் பொறுமையையும் கட்டி வைத்திருக்கிறது என்பதற்கு இன்றும் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்களாம். தலைமையாசிரியர் அங்கே நிறுத்தவில்லை. "எல்லாரும் இதோட கதையை முடிச்சிடுவாங்க. அந்த மனுஷன் அப்புறம் சிலி நாட்டுக்குப் போய் ஏழு வருஷம் குதிரை வண்டி ஓட்டியிருக்கான். தினமும் அதே வேலை, அதே பாதை. அந்த ஒழுங்குதான் அவனைத் தூக்கி நிறுத்தியிருக்கணும்னு ஆராய்ச்சி செஞ்சவங்க சொல்றாங்க."

அதைக் கேட்ட வாரத்தில் நான் பட்டறை முதலாளியிடம் போய் ஒரு சாக்கு நிறையக் கலந்து கிடந்த போல்ட்டு, நட்டு, வாஷர்களை வாங்கி வந்தேன். தினமும் காலை பத்து மணிக்கு அவற்றை அளவு வாரியாகப் பிரிப்பது அவர் வேலை. எம் 8 தனி, எம் 10 தனி, எம் 12 தனி. என் பெயரை மறந்த அந்தக் கைக்கு மரையின் அளவு மறக்கவில்லை. விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து டப்பாவில் போடுவார். மண்டை எலும்பைத் திரும்பப் பொருத்தும் அறுவை செப்டம்பரில் நடந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாலாம் நாள், "சாக்கு எங்க?" என்று கேட்டார். வண்டியைத் தவிர, எங்கே என்று அவர் தேடிக் கேட்ட முதல் பொருள் அது.

2016 பொங்கல் முடிந்து, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சந்திப்பது என்று முடிவு செய்தோம். நான் வேலை பார்க்கும் ஆரம்பப் பள்ளியில் ஒரு வகுப்பறையைத் தலைமையாசிரியை திறந்துவிட்டார். சின்னப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்காருவோம். பக்கத்து அறையில் பாய் விரித்து, மின்விசிறியை மெதுவாக வைத்து, எங்கள் ஆட்களை அமர்த்துவோம். முறை வைத்து இரண்டு பேர் அவர்களைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் பேசுவோம்.

நாங்கள் தவறும் செய்தோம். ஒருவர் தன் மகனுக்கு வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொல்லப்போக, அதைக் கேட்ட இன்னொரு அம்மா தன் பிள்ளைக்கும் நிறுத்திவிட்டார். ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்து மறுபடி மருத்துவமனை. அன்றிலிருந்து மாத்திரையைப் பற்றி யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது, அது மருத்துவரின் வேலை என்று கரும்பலகையில் எழுதி வைத்தோம். "எம் பையன் நடக்க ஆரம்பிச்சுட்டான்" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்ன அதே நொடியில் இன்னொருவர் முகம் சுருங்குவதையும் பார்த்தோம். ஒரு மூளை போல இன்னொரு மூளை அடிபடுவதில்லை. ஒப்பிட்டுப் பேசுவதில்லை என்பது இரண்டாவது விதி. "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்வதில்லை என்பது மூன்றாவது. அதைச் சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறது.

ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதும் அப்படித்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை அக்காவின் மகனை நான் பார்த்துக்கொண்டேன். மறு சனிக்கிழமை அக்கா என் கணவரைப் பார்த்துக்கொண்டார். மூன்று மணி நேரம் எனக்கே எனக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சமயபுரம் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பினார். இறங்கி, கோயிலுக்குள் போகாமல் அதே பஸ்ஸில் திரும்ப ஏறி மறுபடி தூங்கினேன். திரும்பி வந்து சொன்னபோது அக்கா, "ஆத்தா கோச்சுக்க மாட்டா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக அதிகம் பேசாத ஒரு லாரி டிரைவரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அன்னிக்கே போயிருந்தா நல்லா இருந்திருக்கும்னு ஒரு நாள் நெனச்சிட்டேன். நான் மனுஷியா?"

வெளியில் எங்கே சொல்லியிருந்தாலும், "சீ, வாயைக் கழுவு" என்றிருப்பார்கள். எங்கள் வகுப்பறையில் சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முசிறி அண்ணன், "நானும் நெனச்சிருக்கேன்" என்றார். தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி தலையை ஆட்டினார். நானும் கை தூக்கினேன், பள்ளிப்பிள்ளையைப் போல. அந்தப் பெண் அழுதார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்த் தன் கணவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

2018இல் எங்களைப் பார்க்க வந்த ஓர் இளம் உளவியலாளர், எங்கள் துக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு என்றார். அமெரிக்காவின் பாலின் பாஸ் என்ற அறிஞர், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து கண்டது. செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் காத்திருப்பது ஒரு வகை. உடம்பு கண்ணெதிரே இருக்க, ஆள் மட்டும் தொலைந்துபோவது இன்னொரு வகை. தெளிவற்ற இழப்பு. அதற்குக் கருமாதி கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது, துக்கம் விசாரிக்க வருபவர் கிடையாது. 1999இல் அவர் அதைப் புத்தகமாகவே எழுதினாராம். கேட்டபோது, மூன்று வருடமாக என் தொண்டையில் இருந்த தாலிக் கயிறு கொஞ்சம் தளர்ந்தது. எனக்கு நடந்தது இழப்புதான். அவர் இருக்கிறார் என்பதும் உண்மைதான். இரண்டையும் ஒரே மடியில் வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து வேலைகளிலும் நாங்கள் ஒருவருக்கொருவர் வழிகாட்டிகள். என் கணவர் கணக்கில் இருந்த பணத்தை எடுக்க வங்கிக்குப் போனால், அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போன இடத்தில், "நடக்கிறார், பேசுகிறார், என்ன குறை?" என்றார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் தலைக்காயம் என்று தனியாக ஒரு வகை இல்லை. நினைவாற்றல் சோதனை அறிக்கையைக் கையோடு கொண்டு போ, எந்தத் தலைப்பின் கீழ் கேட்க வேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டு போ என்று எனக்குச் சொன்னவர் முன்பு மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தகப்பனார். 2024 மே மாதம், கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியையே பாதுகாவலராகச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்த செய்தி வந்தபோது, அந்த நாளிதழ்ப் பக்கத்தைப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுத்தோம்.

இங்கிலாந்தில் 1979இல் தொடங்கிய ஹெட்வே அமைப்பும், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தாய் ஒருவர் முன்னின்று 1980இல் உருவாக்கிய தேசிய அமைப்பும் இப்படிக் குடும்பத்தார் கூடியதில் பிறந்தவைதான் என்று தலைமையாசிரியர் சொல்வார். இங்கே விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு கொண்டுவந்தது. நகையை விற்றுக் கட்டணம் கட்டிய எனக்கு அதன் அருமை தெரியும். அந்த 48 மணி நேரத்தில் காப்பாற்றப்படுகிறவர்களுக்கு ஒரு 49ஆவது மணி நேரம் இருக்கிறது. அது அடுத்த முப்பது நாற்பது வருடத்துக்கு நீளும். அதைச் சுமப்பவள் அநேகமாக ஒரு மனைவி அல்லது ஒரு தாய். ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் இப்படிப்பட்டவர்கள் கூடி உட்கார ஓர் அறையும், மாதத்தில் ஒரு நாளும் ஒதுக்கினால் போதும். அங்கே என்ன பேசுவது என்று யாரும் எங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

நாங்கள் சந்தித்தால் "தேவலையா?" என்று கேட்பதில்லை. "ராத்திரி தூங்கினாரா?" என்றுதான் கேட்போம். அவர் தூங்கினால்தான் கேட்கப்படுகிறவள் தூங்கியிருப்பாள்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் மணப்பாறை அக்காவின் மகன் நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனான். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அடுத்த இரண்டாவது ஞாயிறு அக்கா வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பத்தரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. தண்ணீர் மெத்தையையும் சளி உறிஞ்சும் மெஷினையும் இறக்கினார். அந்த மெஷின் நான்கு வீடு மாறியது. லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை என்று ஒவ்வொரு ஊரின் பெயரும் மார்க்கர் பேனாவில் அதன் பக்கவாட்டில் இருந்தது. துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டு வந்திருந்தார்.

"யாருக்காச்சும் வேணும்ல" என்றார். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றார். "எனக்கு இனிமே இங்க என்ன சோலி இருக்கு?"

எங்கள் யாருக்கும் பேச வாய் வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து என் கணவர் மெதுவாக நடந்து வந்தார். பத்து வருடமாகப் பார்த்தும் அவருக்கு அக்காவின் பெயரோ ஊரோ தெரியாது. களைத்திருந்தார் போல. அக்காவின் எதிரே போய் நின்று கேட்டார்:

"என் வண்டி எங்க?"

அக்கா அவரையே ஒரு கணம் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சர்வீஸுக்கு விட்டிருக்கு தம்பி. பிரேக்கும் பாக்கச் சொல்லியிருக்கு."

"சரி" என்றார் அவர். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவர் கையைப் பிடித்துக் குட்டை பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.